பிரடெரிக்ஸ்பர்க் மேரி குன்றுத் தாக்குதல் (1862): உழிஞை – நொச்சிக் கோட்பாட்டு நோக்கில் ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 திசம்பர் 13 அன்று, வர்ஜீனியா மாநிலத்துப் பிரடெரிக்ஸ்பர்க் நகரையடுத்த மேரி குன்றின்மீது வடபுலக் காலாட்படை பலமுறை தாக்குதல் தொடுத்துத் தோற்றது. இந்நிகழ்வையும் இதனையொட்டி எழுந்த எழுத்துகளையும் தமிழ்ப் புறத்திணைக் கோட்பாட்டோடு ஒப்புநோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பூச்சூடல், புறப்புண் நாணல், நடுகல், துணைவஞ்சி ஆகிய நான்கு கூறுகள் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. உள்நாட்டுப் போரில் போர்ப்பூவும் குடிப்பூவும் வெவ்வேறு பணியாற்றுகின்றன என்பதும், உழிஞைத்துறை வரிசையால் முழுமையாக விளக்கவியலாத இத்தகைய போரைத் துணைவஞ்சியே விளக்க வல்லது என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உழிஞை, நொச்சி, துணைவஞ்சி, குடிப்பூ, புறப்புண், நடுகல், உள்நாட்டுப் போர், வால்ட் விட்மன்.

முன்னுரை

புறத்திணை இலக்கியத்தைப் பிறமொழி வீரயுகப் பாடல்களோடு ஒப்பிடும் முயற்சி தமிழுக்குப் புதியதன்று. 1968-ஆம் ஆண்டு வெளிவந்த க. கைலாசபதியின் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல், சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் மரபுகளோடு வைத்து ஆராய்ந்தது. அவ்வாய்வுகள் பெரும்பாலும் தொல்காலத்தைத் தொல்காலத்தோடு ஒப்பிட்டன. துப்பாக்கியும் பீரங்கியும் தந்தியும் வந்துவிட்ட காலத்துப் போரொன்றைப் புறத்திணைக் கருவிகொண்டு நோக்கினால் அக்கருவி எவ்விடத்தில் பயன்படும், எவ்விடத்தில் முனைமழுங்கும் என்பது தனித்து ஆராயத்தக்க வினாவாகும்.

மேரி குன்றுப் போரைத் தேர்ந்ததற்குத் தமிழோடு தொடர்புடைய காரணம் ஒன்றும் உண்டு. இப்போரில் காயமுற்ற தம் தம்பியைத் தேடிக் களத்திற்கு வந்தவர் கவிஞர் வால்ட் விட்மன். அவருடைய கவிதையைப் பற்றிப் பாரதியார் எழுதியுள்ளார். தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடியாகிய ந. பிச்சமூர்த்தி, தம் முயற்சிக்கு விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ தூண்டுதலாக அமைந்ததைக் குறிப்பிட்டுள்ளார். எனவே, விட்மனைப் போர்க் கவிஞராக்கிய களத்தை அறிதல் புதுக்கவிதை வரலாற்றை அறிவார்க்கும் பயன்தரும். எனினும், இக்கட்டுரை கூறுவது ஒப்புமையே. சங்க இலக்கியத்தின் தாக்கம் அமெரிக்க எழுத்துகளில் உண்டு என்பது இதன் கருத்தன்று.

1. களமும் நிகழ்வும்

வடபுலத்துப் பொட்டோமக் படைக்கு ஆம்புரோஸ் பர்ன்சைடும், தென்புலத்து வடக்கு வர்ஜீனியப் படைக்கு இராபர்ட் ஈ. லீயும் தலைமை தாங்கினர். ராப்பஹானக் ஆற்றைக் கடக்கப் பர்ன்சைடுக்குத் தேவைப்பட்ட மிதவைப் பாலங்கள் காலந்தாழ்ந்து வந்தன. அவ்விடைவேளையில் லீ, நகருக்கு மேற்கேயுள்ள குன்றுத்தொடரில் தம் படையை நிலைநிறுத்தினார். திசம்பர் 11 அன்று எதிர்ப்புக்கிடையே ஆறு கடக்கப்பட்டது. நகரம் பீரங்கிக் குண்டுகளால் சிதைந்தது. 13-ஆம் நாள் இரு முனைகளில் தாக்குதல் நிகழ்ந்தது. தெற்கு முனையில் ஜார்ஜ் மீடின் படைவகுப்பு எதிரணியை ஊடறுத்துச் சென்றும், துணைப்படை வாராமையால் பின்வாங்க நேர்ந்தது. வடக்கு முனையே மேரி குன்று.

இக்குன்று உயர்ந்த மலையன்று. சமவெளியினின்றும் 40 முதல் 50 அடி உயரமே எழுவது. அதன் அரண்தன்மை உயரத்தால் அமையாது, அடிவாரத்தால் அமைந்தது. குன்றின் அடியில், வண்டிப் போக்குவரத்தால் நிலமட்டத்திற்குக் கீழே தாழ்ந்துபோன பாதையொன்று இருந்தது. நகரை நோக்கிய அதன் ஓரத்தில் ஏறத்தாழ 4 அடி உயரமுள்ள கற்சுவர் நின்றது. சுவரின் வெளிப்புறத்தில் மண் அணைக்கப்பட்டிருந்தமையால் தொலைவிலிருந்து வருவோர்க்கு அது சுவராகவே தோன்றவில்லை. பாதைக்குள் தாமஸ் காப் தலைமையிலான ஜார்ஜியப் படையணியும் அதற்குத் துணையாக வந்த பிற படையணிகளும் பல வரிசைகளாக நின்றன. பின்வரிசையினர் துப்பாக்கிகளில் மருந்திட்டு முன்வரிசையினர்க்குக் கொடுத்தனர். குன்றின் உச்சியில் பீரங்கிகள் இருந்தன.

தாக்குவோர் நகரத்தின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ அரை மைல் வெட்டவெளியைக் கடக்க வேண்டும். இடையே ஒரு நீர்க்கால் குறுக்கிட்டது. அதனைக் கடக்கச் சில சிறு பாலங்களே இருந்தன. ஆகவே, பரந்து வரவேண்டிய படை குறுகி நிரல்பட நடந்து, எதிரியின் குண்டுவீச்சுக்கு உட்பட்டபடியே மீண்டும் விரிய வேண்டியதாயிற்று. நண்பகல் தொடங்கி இருள் சூழும்வரை ஏழு படைவகுப்புகள், பெரும்பாலும் ஒருபோதில் ஒரு படையணியாக, முன்னேறின. ஒருவரும் சுவரை எட்டவில்லை. போர் முழுமையிலும் வடபுலத்தார் இழப்பு இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் உட்பட 12,653; தென்புலத்தார் இழப்பு 5,377. காப் இக்களத்திலேயே மாண்டார். 15-ஆம் நாள் இரவில் பர்ன்சைடின் படை ஆற்றைக் கடந்து மீண்டது.

2. உழிஞைத்துறை வரிசையும் முற்றுப்பெறாத தாக்குதலும்

தொல்காப்பியர் உழிஞையை மருதத்திற்குப் புறனாக அமைத்து, அரணை முற்றுதலும் கொள்ளுதலும் அதன் இலக்கணம் என்பார். அவர் கூறும் துறைகளில் தொல்லெயிற்கு இவர்தல், மதில்மிசைக்கு இவர்தல், மண்ணுமங்கலம், தொகைநிலை என்பன படிநிலைகளாக அமைகின்றன. மதிலை விரும்பி அணுகுதல், மதில்மேல் ஏறிப் பொருதல், வென்றபின் நீராடுதல் என்னும் இவ்வொழுங்கு வெற்றியை எல்லையாகக் கொண்டது. அகத்தோன் வீழ்ந்த நொச்சி போன்ற துறைகள் உள்ளிருப்போர் தரப்பையும் பேசுகின்றன. ஆயினும் துறைவரிசையின் செலவு கொள்ளுதலை நோக்கியதே.

மேரி குன்றில் இவ்வரிசை தொல்லெயிற்கு இவர்தலோடு நின்றுவிடுகிறது. மதிலைத் தீண்டுமுன்னரே துறைகள் அறுபடுகின்றன. நெடுந்தொலைவிலிருந்தே குறிதவறாது சுடும் துப்பாக்கி இதற்கு முதற்காரணம். வாளும் வேலும் கொண்ட போரில் மதிலுக்கும் மறவனுக்கும் இடைப்பட்ட வெளி கடத்தற்குரியது. துப்பாக்கிப் போரில் அவ்வெளியே களம். மதில், பொருதற்கு இடமாக இல்லாமல் மறைவிடமாக மட்டும் மாறிவிடுகிறது. எனவே, உழிஞைத்துறைகள் இங்குப் பொருந்தாமை கோட்பாட்டின் குறையன்று. அரணின் பணி மாறியதன் விளைவு.

உழிஞையை மருதத்தின் புறனாக வைத்த அமைப்பு வேறொரு வகையில் இப்போருக்குப் பொருந்துகிறது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். ஓரில்லத்தார்க்கிடையே வாயில் அடைபடுவது ஊடலின் நிலை. புறத்தே அடைபட்ட கோட்டை வாயில் அதற்கு இணையாகிறது. ஆபிரகாம் லிங்கன் 1858-இல் ஆற்றிய உரையில் நாட்டின் பிளவைக் குறிக்கத் தமக்குள் பிரிந்த வீடு என்னும் விவிலிய உவமையை ஆண்டார். உள்நாட்டுப் போரை இல்லத்துப் பிணக்காகக் காணும் இப்பார்வைக்கு, அகத்தையும் புறத்தையும் இணைவைத்த தமிழ்க் கோட்பாடு இலக்கண வடிவம் தந்துள்ளது எனலாம்.

3. போர்ப்பூவும் குடிப்பூவும்

தமிழ் மரபில் போரிடுவோர் சூடும் பூக்கள் இருவகையின. ஒன்று, வினைகுறித்துச் சூடுவது: மதிலை வளைப்போர் உழிஞையும், காப்போர் நொச்சியும் சூடுவர். மற்றொன்று, குடிகுறித்துச் சூடுவது: சேரர்க்குப் பனை, பாண்டியர்க்கு வேம்பு, சோழர்க்கு ஆத்தி. முன்னதைப் போர்ப்பூ என்றும் பின்னதைக் குடிப்பூ என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. பிறநாட்டுப் போரில் இவ்விரண்டும் ஒரே திசையில் பணிசெய்து பகைவரைப் பிரித்துக் காட்டும். ஒரு குடிக்குள் எழும் போரிலோ போர்ப்பூ பிரிக்கும், குடிப்பூ சேர்க்கும்.

மேரி குன்றைத் தாக்கிய படையணிகளுள் தாமஸ் பிரான்சிஸ் மேகர் தலைமையிலான ஐரிஷ் படையணி ஒன்று. அதன் நியூயார்க் படைப்பிரிவுகள் மூன்றின் பச்சைக் கொடிகள் முந்தைய போர்களில் கிழிந்து நைந்தமையால் திருப்பி அனுப்பப்பட்டிருந்தன. கொடி இல்லாக் குறையை நீக்க, வீரர் ஒவ்வொருவரும் தம் தொப்பியில் பாக்ஸ்வுட் என்னும் பசுஞ்செடியின் சிறுதழையைச் செருகிக்கொண்டனர். களம் புகுந்த ஏறத்தாழ 1,200 பேரில் 545 பேர் இழப்புக் கணக்கில் சேர்ந்தனர். சுவருக்கு அணித்தே கிடந்த உடல்களில் அத்தழை காணப்பட்டதாகப் போரில் பங்கேற்றோர் குறிப்புகள் கூறுகின்றன. சுவரை மிக நெருங்கிய அணி எது என்பது பிற்காலத்தில் படையணிகளுக்கிடையே பூசலாகவே வளர்ந்தது.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இத்தழை உழிஞைச் சூடலை ஒத்துத் தோன்றும். ஆனால் அதன் பணி வேறு. தாக்குவோர் அனைவரும் அதனைச் சூடவில்லை. ஐரிஷ் மரபினர் என்னும் அடையாளத்திற்காகவே அது சூடப்பட்டது. எனவே, அது போர்ப்பூவன்று, குடிப்பூ. சுவருக்கு அப்பால் நின்ற காப் படையணியிலும் ஐரிஷ் மரபினர் இருந்தனர். அதன் 24-ஆம் ஜார்ஜியப் படைப்பிரிவின் தலைவர் இராபர்ட் மெக்மில்லன் அயர்லாந்தில் பிறந்தவர். எதிரே வருவோர் யாவர் என்பதைச் சுவருக்குப் பின்னிருந்தோர் அறிந்துகொண்டனர் என்னும் செய்தி பிற்கால நினைவுக்குறிப்புகளில் இடம்பெறுகிறது. அறிந்தும் சுடுதல் நிற்கவில்லை.

கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 45-ஆம் பாடலின் வாதம் இங்கு நினைக்கத்தக்கது. நலங்கிள்ளி உறையூரை முற்றியிருக்க, நெடுங்கிள்ளி உள்ளே அடைபட்டிருந்தான். முற்றியவனும் அடைபட்டவனும் பனையோ வேம்போ சூடியவரல்லர், இருவர் கண்ணியும் ஆத்தியே என்று புலவர் சுட்டுகிறார். ஒருவர் தோற்பினும் தோற்பது அவர்தம் குடியே என்பது அவர் முடிவு. குடிப்பூவின் ஒற்றுமையைப் போரை நிறுத்தும் சான்றாக அவர் கையாள்கிறார். மேரி குன்றில் அத்தகைய சான்று களத்திலேயே, இறந்தோர் தலையிலேயே கிடந்தது; அதனை எடுத்துக்காட்டிப் பேசுவார் இருக்கவில்லை.

நொச்சித்திணைப் பாடல்களான புறம் 271, 272 ஆகியனவும் ஒப்புநோக்கத்தக்கன. மகளிர் இடையில் தழையாக விளங்கிய நொச்சி மறவனின் கண்ணியாகிக் குருதி தோய்ந்து, ஊன்துண்டமெனப் பறவை கவரும் பொருளாக மாறுவதை வெறிபாடிய காமக்கண்ணியார் காட்டுகிறார். வாழ்வின் தழை சாவின் அடையாளமாகும் இம்மாற்றமே பாக்ஸ்வுட் தழைக்கும் நேர்ந்தது.

4. புறப்புண் நாணல்

லூயிசா மே ஆல்காட் இப்போர்க் காலத்தில் ஜார்ஜ்டவுன் மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றினார். பிரடெரிக்ஸ்பர்க்கில் காயமுற்றோர் அங்குக் கொண்டுவரப்பட்டனர். அப்பட்டறிவைச் சிறிது புனைந்து அவர் எழுதிய ‘மருத்துவமனைச் சித்திரங்கள்’ 1863-இல் நூலாயிற்று. அதில் வரும் ஜான் என்னும் கொல்லன் முதுகுப்புறம் குண்டு பாய்ந்து இறப்பை நோக்கியிருப்பவன். முன்புறத்தே புண்பட்டிலேன், இது கோழைத்தனமாகத் தோன்றுமே என அவன் வருந்துகிறான்; கட்டளைப்படியே நடந்தேன் என்று தன்னைத் தேற்றியும் கொள்கிறான்.

புறப்புண் நாணல் புறநானூற்றுக்கு நன்கு தெரிந்த உணர்வு. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்த செய்தியைப் புறம் 65, 66 ஆகியன கூறும். மகன் புறங்கொடுத்தான் எனக் கேட்ட முதியவள் களஞ்சென்று அவன் உடலைக் கண்டு உவந்த செய்தியைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் புறம் 278-இல் பாடுகிறார். இவ்விடங்களில் புண்ணின் இடம் வீரனின் அகநிலைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

ஜானின் நாணம் அதே சான்றுமுறையை ஏற்கிறது. அவன் தரும் விடையோ அதனை மறுக்கிறது. பெருஞ்சேரலாதன் தன் புண்ணுக்குத் தானே பொறுப்பேற்றான். ஜான் தன் புண்ணைக் கட்டளையின் விளைவாகக் காண்கிறான். தனிமறவனின் போருக்கும் கட்டளைக்குட்பட்ட படைவீரனின் போருக்கும் உள்ள வேறுபாடு இவ்விரு விடைகளிலும் வெளிப்படுகிறது. போர்முறை மாறிய பின்னரும் நாண் மாறாது தொடர்ந்தமை கருதத்தக்கது.

5. கல்லும் பெயரும்

ஹெர்மன் மெல்வில் 1866-இல் வெளியிட்ட போர்க் கவிதைத் தொகுப்பில் மேரி குன்றுக்கென எழுதிய சிறுபாடல் உண்டு. வீழ்ந்தோர்க்கு நட்ட கல்லில் பொறிக்கத்தக்க வாசகமாக அஃது அமைந்துள்ளது. ஆற்றைக் கடந்து குன்றேறியோர் எனப் புகழ்ந்து, வெற்றியினும் மேம்பட்ட ஒன்றுக்கு அக்கல் சான்று என்கிறது. வரலாற்றில் அவர்கள் குன்றை அடையவில்லை. அடிவாரச் சுவரைக்கூடத் தீண்டவில்லை. கவிஞர் அவர்களைக் கல்லெழுத்தில் குன்றேற்றிவிடுகிறார். நடுகல் மரபிலும் வீழ்ந்தவன் வென்றவனாகவே கல்லில் நிற்கிறான் என்பது ஒப்பிடத்தக்கது.

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் கற்கோள்நிலையை அறுவகைப்படுத்துகிறது. நடுகல்லின் உயிர்ப்பு அதில் பொறிக்கப்படும் பெயரிலும் பெருமையிலும் உள்ளது. 1865-இல் மேரி குன்றின்மேல் அரசு நிறுவிய கல்லறைத் தோட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட வடபுல வீரர் புதைக்கப்பட்டுள்ளனர். பிரடெரிக்ஸ்பர்க்கில் மட்டுமன்றி அவ்வட்டாரத்துப் பிற களங்களில் வீழ்ந்தோரும் அங்குள்ளனர். அவர்களுள் மிகப் பலர் பெயர் அறியப்படாதவர். அவர்தம் கற்களில் இரண்டு எண்களே உள்ளன: ஒன்று கல்லறையின் வரிசை எண், மற்றொன்று அதனுள் கிடப்போர் தொகை. உயிரோடு ஏறவியலாத குன்றில் இறந்தபின் இடம்பெற்றனர். ஆயினும், நடுகல்லுக்கு இன்றியமையாத பெயர் அவர்களுக்கு வாய்க்கவில்லை. பெயருக்கு மாற்றாக எண் நின்ற இந்நிலை, பெருந்தொகைச் சாவின் காலத்தில் நடுகல் மரபு எதிர்கொண்ட முறிவைக் காட்டுகிறது.

விட்மனின் எழுத்து இம்முறிவிலிருந்தே தொடங்குகிறது. அவர் தம்பி ஜார்ஜ், இக்குன்றைத் தாக்கிய 51-ஆம் நியூயார்க் படைப்பிரிவைச் சேர்ந்தவர். காயமுற்றோர் பட்டியலில் தம்பியின் பெயரை நாளிதழில் கண்டு விட்மன் புறப்பட்டார். ஆற்றின் மறுகரையிலுள்ள மருத்துவமனைக்கு வந்தபோது அங்கு வெட்டியெறிந்த கை கால்கள் குவிந்து கிடந்ததைக் கண்டார். தம்பிக்குக் கன்னத்தில் சிறுகாயமே. ஆனால் விட்மன் வீடு திரும்பவில்லை. வாஷிங்டன் மருத்துவமனைகளில் காயமுற்றோர்க்குத் துணையிருந்தார். அப்பட்டறிவே 1865-இல் வெளிவந்த ‘முரசொலிகள்’ தொகுப்பின் உள்ளீடு. அதில் ஒரு பாடல், மருத்துவக் கூடாரத்தின் அருகே போர்வை மூடிக் கிடந்த மூன்று உடல்களின் முகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து நோக்குகிறது. அவர்கள் எத்தரப்பினர், எப்படிப் பொருதனர் என்பதைப் பாடல் கூறுவதில்லை. புறத்திணைப் புலவர் பெயரும் குடியும் கூறிப் பாடினர். விட்மன் பெயரற்ற முகத்தைப் பாடினார். எண்ணாகிவிட்ட வீரனுக்கு முகத்தை மீட்டுத்தருவதே அவர் செய்த கற்கோள்.

6. மறுக்கப்பட்ட துணைவஞ்சி

புறம் 45 முற்றுகைச் சூழலில் பிறந்த பாடல். சூழல்கொண்டு நோக்கின் அதன் திணை உழிஞையாதல் வேண்டும். எனினும், திணை வஞ்சி, துறை துணைவஞ்சி என்றே வகுக்கப்பட்டுள்ளது. இளந்தத்தனைக் காக்க நெடுங்கிள்ளியிடம் பாடிய புறம் 47-உம், மலையமான் மக்களைக் காக்கக் கிள்ளிவளவனிடம் பாடிய புறம் 46-உம் துணைவஞ்சியே. இதனால், பாடல் நிகழும் இடத்தை நோக்காது, புலவர் கூற்றின் செயலை நோக்கியே துறை வகுக்கப்பட்டது என்பது தெளிவாகிறது. கொல்லப் புகுவானைத் தடுத்து நிறுத்தும் சொல்லே துணைவஞ்சியின் உயிர்.

மேரி குன்றிலும் அத்தகைய சொல் எழுந்தது. பிற்பகலில் தம் படையைச் செலுத்துமாறு பணிக்கப்பட்ட தளபதி ஜோசப் ஹூக்கர், களத்தை நேரிற்கண்டு, தாக்குதலை நிறுத்துமாறு பர்ன்சைடிடம் சென்று வேண்டினார். வேண்டுகோள் மறுக்கப்பட்டது. ஹூக்கரின் ஆணைக்குட்பட்ட ஆண்ட்ரூ ஹம்பிரீஸின் படைவகுப்பு துப்பாக்கிமுனைக் கத்தியோடு முன்சென்றது. முன்னர்த் தாக்கித் தோற்று நிலத்தில் படுத்துக்கிடந்தோர், முன்செல்வோரின் கால்களையும் ஆடைகளையும் பற்றி இழுத்துத் தடுத்தனர். அந்தத் தாக்குதலும் தோற்றது.

புலவன் வேந்தனிடம் பேசுவது துணைவஞ்சியின் இயல்பான வடிவம். இங்கே தளபதி தலைவனிடம் பேசினான், பயனில்லை. அடுத்து, கிடந்த வீரன் செல்லும் வீரனிடம் பேசினான்; சொல்லினும் கையே அங்குப் பேசியது. அவைக்குரிய துறை மண்ணளவும் இறங்கி வந்த நிலை இது. தடுத்தார் சொல் வெல்லாமை தமிழ்மரபிலும் உண்டு. நெடுங்கிள்ளி காரியாற்றுத் துஞ்சியவன் என்றே அறியப்படுகிறான். கோவூர்கிழாரின் பாடல் அப்பகையை முற்றும் தணித்திலது போலும். ஆயினும், அச்சொல்லைப் பாதுகாத்து வைத்த தொகைமரபு, வென்றவன் பெயரினும் தடுத்தவன் கூற்றைப் பெரிதாக மதித்தது.

போருக்குப் பின் பகைவர் காயங்களுக்கு நீர்கொடுத்ததாகப் புகழப்படும் ரிச்சர்டு கிர்க்லண்டு என்னும் தென்புல வீரனின் செய்தியும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. அச்செய்தியை 1880-இல்தான், அஃதாவது 18 ஆண்டுகள் கழித்து, அவன் தளபதி கெர்ஷா விரிவாக வெளியிட்டார். அதன் உண்மை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் போருக்குப் பிந்தைய தலைமுறை இரு தரப்பையும் இணைக்கும் ஒரு செய்தியை நாடியது என்பதற்கு அதன் பரவலே சான்றாகிறது. போரின்போது எடுபடாத துணைவஞ்சியை, போர் முடிந்தபின் நினைவு தேடிக்கொண்டது.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. உழிஞைத்துறை வரிசை கொள்ளுதலை எல்லையாகக் கொண்டது. துப்பாக்கிப் போரில் மதிலுக்கு முற்பட்ட வெளியே களமாவதால் அவ்வரிசை தொடக்கத்திலேயே அறுபடுகிறது.

2. போர்ப்பூ, குடிப்பூ என்னும் பாகுபாடு உள்நாட்டுப் போரை விளக்கும் திறனுடையது. ஐரிஷ் படையணி சூடிய தழை உழிஞையை ஒத்ததன்று. புறம் 45 சுட்டும் ஆத்தியை ஒத்தது.

3. புறப்புண் நாணல் இரு மரபுகளிலும் உள்ளது. எனினும், கட்டளைக்குட்பட்ட படைவீரனிடத்து அதன் பொறுப்பு வீரனை விட்டுக் கட்டளையிட்டோர்க்கு நகர்கிறது.

4. பெயர் பொறித்தலை உயிராகக் கொண்ட நடுகல் மரபுக்கு, எண் பொறித்த கல் முறிவாகிறது. மெல்வில் அம்முறிவைப் புகழால் மூடுகிறார். விட்மன் முகத்தால் எதிர்கொள்கிறார்.

5. முற்றுகைச் சூழலில் பிறந்த புறம் 45-ஐத் துணைவஞ்சியில் அடக்கிய தொகைமரபு, ஒரு குடிப் போரில் மதிலைக் கொள்வதினும் போரை நிறுத்துவதே பாடுபொருளாதல் வேண்டும் என்னும் கொள்கையை உணர்த்துகிறது. மேரி குன்றுப் போரை நோக்க இத்துறையே பொருத்தமான கருவியாகும்.

வீரம் போற்றும் இலக்கியமாகவே பெரிதும் பயிலப்படும் புறத்திணை, போரைத் தடுக்கும் சொல்லுக்கும் தனித்துறை வகுத்துள்ளது. பிறநாட்டு உள்நாட்டுப் போர் எழுத்துகளைத் துணைவஞ்சி நோக்கில் ஆராயின், புறத்திணைக் கோட்பாட்டின் எல்லை மேலும் விரியும்.